ஆலோசனைக் குழுவும் அடுப்படியும்: நியூயார்க் மாநிலத்தின் குழந்தை வறுமைக் குறைப்பு முயற்சி

நியூயார்க் மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்து குழந்தைகளுக்கு ஒரு குழந்தை வறுமையில் வளர்கிறது. பெருஞ்செல்வம் புழங்கும் மாநிலம் ஒன்றில் இந்நிலை நீடிப்பதை மாற்றும் நோக்குடன் 2021-ஆம் ஆண்டில் மாநில அரசு ஒரு சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது.

அக்குழு எவருக்கும் நேரடியாகப் பணம் வழங்குவதில்லை. அதனிடம் விண்ணப்பிக்கப் படிவமும் இல்லை. இதனால் அதன் பெயரைக் கேட்டறிந்த குடியிருப்பாளர் மிகச் சிலரே. ஆயினும் 2025-ஆம் வரி ஆண்டு முதல் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு உயர்த்தி வழங்கப்படும் வரிச் சலுகைக்கும் அக்குழுவின் பணிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அச்சலுகை தானாக வீடு தேடி வருவதன்று. உரிய படிவத்தை நிரப்பிக் கேட்போருக்கே கிடைக்கும். மேலும் அது மூன்று வரி ஆண்டுகளுக்கு மட்டுமே சட்டமாக்கப்பட்டுள்ளது.

ஆலோசனைக் குழு என்பது யாது, அதன் சொல் எவ்வாறு சட்டமாகிறது, எந்த இடத்தில் தடைப்படுகிறது, தமிழ்க் குடும்பங்கள் இதில் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டம் பிறந்த சூழல்

2021-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு, பெருந்தொற்றுக் கால நிவாரணமாகக் குழந்தை வரிச் சலுகையை ஓராண்டுக்கு உயர்த்தியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் 3,600 டாலரும், ஆறு முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 3,000 டாலரும் வழங்கப்பட்டன. அத்தொகையில் ஒரு பகுதி அவ்வாண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. வருமானமே இல்லாத குடும்பங்களும் முழுத் தொகையைப் பெறத் தகுதி பெற்றன.

விளைவு உடனே தெரிந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் துணை வறுமை அளவீட்டின்படி நாடு முழுவதற்குமான குழந்தை வறுமை விகிதம் 2020-இல் 9.7 விழுக்காடாக இருந்தது, 2021-இல் 5.2 விழுக்காடாகக் குறைந்தது. அந்த உயர்வு நீட்டிக்கப்படவில்லை. 2022-இல் விகிதம் 12.4 விழுக்காடாக ஏறியது. ஓராண்டில் இரு மடங்குக்கும் மேல்.

இவ்விரு ஆண்டுகளின் கணக்கு ஒரு செய்தியைத் தெளிவாக்கியது. அந்த இடைவெளியில் பெற்றோர் சோம்பேறிகளாகிவிடவும் இல்லை; குழந்தைகளின் இயல்பு மாறிவிடவும் இல்லை. மாறியது அரசின் கொள்கை. குழந்தை வறுமை கொள்கையால் கூடவும் குறையவும் வல்லது என்பதே அச்செய்தி.

இச்சூழலில் 2021 டிசம்பரில் நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்கல் குழந்தை வறுமைக் குறைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பத்தாண்டுகளுக்குள் மாநிலத்தின் குழந்தை வறுமையைப் பாதியாகக் குறைப்பது அச்சட்டத்தின் இலக்கு. அவ்விலக்கை எட்டும் வழிகளை ஆராய்ந்து சொல்லவும், முன்னேற்றத்தை அளந்து அறிவிக்கவும் குழந்தை வறுமைக் குறைப்பு ஆலோசனைக் குழு நிறுவப்பட்டது. இனப் பாகுபாட்டால் சில சமூகத்தினரின் பிள்ளைகள் கூடுதலாக வறுமைக்கு உள்ளாவதையும் அக்குழு கருத்திற்கொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு.

எதனைக் கொண்டு அளப்பது?

வறுமையைக் குறைக்க முற்படுவோர் முதலில் அதனை எவ்வாறு அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அளவுகோல் மாறினால் ஏழை எனக் கருதப்படுவோரும் மாறுவர்.

அமெரிக்காவின் அதிகாரபூர்வ வறுமைக் கோடு 1960-களில் உருவானது. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய மாலி ஒர்ஷான்ஸ்கி என்ற பொருளியல் ஆய்வாளர் அதனை வகுத்தார். அக்காலக் குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. ஆகவே மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் செலவை மூன்றால் பெருக்கினால் வறுமைக் கோடு கிடைத்தது. பின்னர் விலைவாசிக்கு ஏற்ப அத்தொகை உயர்த்தப்பட்டு வருகிறதேயன்றி அடிப்படை மாறவில்லை.

இன்றைய குடும்பத்தின் பெருஞ்செலவு உணவன்று; வாடகை. அதிகாரபூர்வக் கோடு நாட்டின் எல்லா ஊர்களுக்கும் ஒரே வாடகையைக் கருதுவது போல் அமைந்துள்ளது. உதவித் திட்டங்களுக்குத் தகுதி காணப் பயன்படும் 2025-ஆம் ஆண்டு வறுமை வரம்பு நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 32,150 டாலர். அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த எல்லா மாநிலங்களுக்கும் இதுவே வரம்பு.

எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 34,000 டாலர் ஈட்டும் நால்வர் குடும்பம் ஒன்றைக் கருதலாம். தந்தை பெட்ரோல் நிலையம் ஒன்றில் பணிபுரிகிறார். தாய் வார இறுதிகளில் முதியோர் பராமரிப்புக்குச் செல்கிறார். மாத வாடகை 2,000 டாலர் எனில் ஆண்டுக்கு 24,000 டாலர் வாடகைக்கே போய்விடும். எஞ்சுவது 10,000 டாலர். மாதத்துக்கு ஏறத்தாழ 830 டாலர். உணவு, மின்சாரம், பேருந்துக் கட்டணம், குளிர்கால உடை, மருந்து அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். அந்த வரம்பின்படி இக்குடும்பம் ஏழைக் குடும்பமன்று.

துணை வறுமை அளவீடு இக்குறையை ஓரளவு களைகிறது. அது ஊருக்கு ஊர் மாறும் வீட்டுச் செலவைக் கணக்கில் கொள்கிறது. வரி, குழந்தைப் பராமரிப்புச் செலவு, கைப்பொறுப்பில் செய்யும் மருத்துவச் செலவு ஆகியவற்றை வருமானத்திலிருந்து கழிக்கிறது. ஸ்னாப் எனப்படும் உணவு உதவி, வரிச் சலுகை, வாடகை உதவி ஆகியவற்றை வருமானத்தோடு கூட்டுகிறது. அதிகாரபூர்வ அளவீடோ வரிக்கு முந்திய ரொக்க வருமானத்தை மட்டுமே பார்ப்பது. வரிச் சலுகையை எவ்வளவு உயர்த்தினாலும் அதில் எந்த மாற்றமும் தென்படாது.

எனவே ஆலோசனைக் குழுவின் மதிப்பீடுகளுக்குத் துணை வறுமை அளவீடே அடிப்படையாக உள்ளது. அரசு எடுக்கும் நடவடிக்கையின் பயன் கணக்கில் தெரிய வேண்டுமாயின் அந்நடவடிக்கையைப் பார்க்கவல்ல அளவுகோல் வேண்டும்.

குழுவின் அமைப்பும் பணியும்

இக்குழு, பொது உதவித் திட்டங்களை நிர்வகிக்கும் மாநிலத் துறையின் பொறுப்பில் இயங்குகிறது. வரி, நலவாழ்வு, தொழிலாளர் நலன், வீட்டுவசதி போன்ற துறைகளின் சார்பாளர்களும், குழந்தைகள் நலனுக்காகப் பணியாற்றும் அமைப்பினரும், துறை வல்லுநர்களும் இதில் உறுப்பினர்களாக உள்ளனர். வரிக் கொள்கை, பொது உதவி, வீட்டுவசதி, வேலைவாய்ப்பு ஆகிய பொருள்கள் தனித்தனியே ஆராயப்படுகின்றன. குழுவின் கூட்டங்கள் பொதுமக்கள் காணத் திறந்தவை.

குழுவின் பணிமுறையில் குறிப்பிடத்தக்கது கணினிவழி மாதிரிக் கணக்கீடு. அர்பன் இன்ஸ்டிடியூட் என்னும் ஆய்வு நிறுவனம் இக்குழுவுக்காக அக்கணக்கீட்டைச் செய்கிறது. மாநிலக் குடும்பங்களின் வருமானம், வாடகை, குடும்ப அளவு பற்றிய புள்ளிவிவரங்களைக் கொண்டு, ஒரு சலுகையை இவ்வளவு உயர்த்தினால் எத்தனை குழந்தைகள் வறுமைக் கோட்டைத் தாண்டுவர், அதற்கு அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடப்படுகிறது. இதனால் விவாதம் பொதுப்படையான நல்லெண்ணத்தில் நின்றுவிடாமல், இத்தனை டாலருக்கு இத்தனை குழந்தைகள் என்ற கணக்குக்கு வந்து சேர்கிறது.

இத்தகைய குழுவின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு. அது வரி விதிக்க இயலாது. நிதி ஒதுக்க இயலாது. சட்டம் இயற்ற இயலாது. ஆளுநரும் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் இசைந்தால்தான் பரிந்துரை செயலாகும். ஆயினும் இலக்கு சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதால், ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்ற கேள்விக்கு அரசு விடை கூறியாக வேண்டும். எண்ணோடு கூடிய கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம். ஆலோசனைக் குழுவின் வலிமை அங்கேதான் உள்ளது.

அவ்வலிமையும் என்றென்றைக்கும் உறுதியானதன்று. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குழந்தை வறுமைக்கு இலக்குகளை விதித்தது. 2016-ஆம் ஆண்டில் மற்றொரு சட்டத்தின் மூலம் அவ்விலக்குகள் நீக்கப்பட்டன. மக்கள் கவனித்துக் கேட்கும் வரையில்தான் எழுதப்பட்ட இலக்கும் உயிரோடிருக்கும்.

பரிந்துரையிலிருந்து வரவு செலவுத் திட்டம் வரை

2024 டிசம்பரில் குழு தன் முதன்மையான பரிந்துரைகளை முன்வைத்தது. மாநிலக் குழந்தை வரிச் சலுகையைப் பெரிதும் உயர்த்துவது, பொது உதவி பெறும் குடும்பங்களுக்கான அடிப்படை ரொக்கத் தொகையைக் கூட்டுவது, மாநில நிதியில் வாடகை உதவித் திட்டம் தொடங்குவது, குடியேற்ற நிலை காரணமாக ஸ்னாப் பெற இயலாதவர்களுக்கு மாநில நிதியில் உணவு உதவி வழங்குவது ஆகியன அவற்றுள் முக்கியமானவை.

மாநிலத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. ஆண்டின் தொடக்கத்தில் ஆளுநர் வரவு செலவுத் திட்ட முன்வரைவை வெளியிடுவார். சட்டமன்றம் துறைவாரியாகப் பொது விசாரணைகள் நடத்தி, பேச்சுவார்த்தைக்குப் பின் இறுதி செய்யும். 2025-ஆம் ஆண்டில் அப்பேச்சுவார்த்தை நீண்டு, மே மாதத்தில்தான் திட்டம் நிறைவேறியது.

அத்திட்டத்தில் குழந்தை வரிச் சலுகை உயர்த்தப்பட்டது. குழு கேட்ட அளவுக்கு இல்லையெனினும் அச்சலுகையின் வரலாற்றில் அது பெரிய உயர்வு. வாடகை உதவித் திட்டம் 5 கோடி டாலர் ஒதுக்கீட்டில் முன்னோட்டமாக ஏற்கப்பட்டது. பொது உதவி பெறும் தாய்மாருக்குப் பேறுகால உதவித்தொகை சேர்க்கப்பட்டது. மேலும், 2025–26 கல்வியாண்டு முதல் கூட்டாட்சிப் பள்ளி உணவுத் திட்டத்தில் பங்கேற்கும் பள்ளிகளில் பயிலும் மாணவர் அனைவருக்கும் காலையுணவும் மதிய உணவும் கட்டணமின்றி வழங்க நிதி ஒதுக்கப்பட்டது. குடும்ப வருமானம் எதுவாயினும் மாணவர் ஒவ்வொருவருக்கும் இவ்வுணவு உண்டு. காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்தை அறிந்த தமிழ்ப் பெற்றோருக்கு, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஏற்கப்படாதவையும் உண்டு. பொது உதவியின் அடிப்படை ரொக்கத் தொகை 2012-க்குப் பின் உயர்த்தப்படாமலேயே இருந்தது. 2025-ஆம் ஆண்டுத் திட்டத்திலும் அது உயர்த்தப்படவில்லை. ஸ்னாப் பெற இயலாத குடியேறியோருக்கான மாநில உணவு உதவியும் அத்திட்டத்தில் இடம்பெறவில்லை.

ஆளுநர் முன்மொழிந்த வரிச் சலுகை உயர்வு குழந்தை வறுமையை ஏறத்தாழ 8 விழுக்காடு குறைக்கும் என்று அரசு தரப்பில் அறிவிக்கப்பட்டது. சட்டத்தின் இலக்கு 50 விழுக்காடு. ஒரு சலுகையால் இவ்வளவு தூரம் வர இயலும் என்பதையும், அது மட்டும் போதாது என்பதையும் இவ்விரு எண்களும் சேர்த்தே உணர்த்துகின்றன.

குழந்தை வரிச் சலுகை: ஒரு கணக்கு

எம்பயர் ஸ்டேட் சைல்டு கிரெடிட் என்பது இம்மாநிலக் குழந்தை வரிச் சலுகையின் பெயர். 2006-ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் இச்சலுகையில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடக்கத்தில் சேர்க்கப்படவில்லை. 2023-ஆம் ஆண்டில்தான் அவர்கள் சேர்க்கப்பட்டனர். அப்போதும் தொகை குழந்தைக்கு 330 டாலருக்கு மேற்படவில்லை. மிகக் குறைந்த வருமானம் உடையவர்களுக்கு அதுவும் முழுமையாகக் கிடைக்கவில்லை. மிகுதியாகத் தேவைப்பட்டோருக்குக் குறைவாகக் கொடுத்த முறை அது.

2025-ஆம் ஆண்டுத் திருத்தம் அம்முறையை மாற்றியது. புதிய தொகைகள் வருமாறு:

- நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும்: 2025, 2026, 2027 வரி ஆண்டுகளில் 1,000 டாலர் வரை.
- நான்கு முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளை ஒவ்வொன்றுக்கும்: 2025-இல் 330 டாலர் வரை, 2026, 2027-இல் 500 டாலர் வரை.

மேற்கூறிய எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் 2025-ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு வயதுக் குழந்தையும் எட்டு வயதுப் பிள்ளையும் இருப்பதாகக் கொள்ளலாம். 2025-ஆம் வரி ஆண்டுக்கு 1,000 டாலரும் 330 டாலரும் சேர்ந்து 1,330 டாலர். 2026-இல் இளைய குழந்தைக்கு மூன்று வயது. 1,000 டாலரும் 500 டாலரும் சேர்ந்து 1,500 டாலர். 2027-இல் அக்குழந்தை நான்கு வயதை எட்டிவிடுவதால் இருவருக்கும் தலா 500 டாலர். மொத்தம் 1,000 டாலர்.

இச்சலுகை, செலுத்த வேண்டிய வரியைக் குறைப்பதோடு நின்றுவிடுவதன்று. செலுத்த வேண்டிய வரி இல்லாவிடினும் தொகை முழுவதும் பணமாகத் திரும்பக் கிடைக்கும். வாடகைக்குப் பின் மாதம் 830 டாலரில் வாழும் குடும்பத்துக்கு 1,330 டாலர் என்பது ஒன்றரை மாதச் செலவுக்கும் மேல்.

இது மிக வறியவர்களுக்கு மட்டும் உரியதுமன்று. தம்பதியர் இணைந்து வரி அறிக்கை அளித்தால் 110,000 டாலர் வரையிலும், தனித்து வாழும் பெற்றோர் எனில் 75,000 டாலர் வரையிலும் முழுத் தொகை கிடைக்கும். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் 1,000 டாலருக்கும் மொத்தச் சலுகையிலிருந்து 16.50 டாலர் குறையும். 120,000 டாலர் ஈட்டும் தம்பதியருக்கு 165 டாலர் மட்டுமே குறையும். தங்கள் வருமானம் அதிகம் என்று எண்ணிப் படிவத்தை நிரப்பாமல் விடும் குடும்பங்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை

*வரி அறிக்கை கட்டாயம்.* வருமானம் குறைவு என்பதால் வரி அறிக்கை அளிக்கத் தேவையில்லாத குடும்பமும் இச்சலுகையைப் பெற அறிக்கை அளித்தே ஆக வேண்டும். மாநில வரி அறிக்கையுடன் ஐ.டி.-213 என்னும் படிவம் இணைக்கப்பட வேண்டும். வரி ஆண்டு முழுவதும் நியூயார்க் மாநிலத்தில் குடியிருந்திருப்பது ஒரு நிபந்தனை. தம்பதியர் இணைந்து அறிக்கை அளிக்கையில் இருவருள் ஒருவர் அவ்வாறு குடியிருந்திருந்தாலும் போதும். உரிய ஆண்டில் கேட்கத் தவறியோர் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் அவ்வாண்டுக்கான அறிக்கையையோ திருத்திய அறிக்கையையோ அளித்துப் பெறலாம்.

*சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பிள்ளைகள்.* இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்து, பணி விசாவில் வந்த பெற்றோருடன் சார்ந்தோர் விசாவில் வாழும் பிள்ளைகள் பலருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இராது. கூட்டாட்சிக் குழந்தை வரிச் சலுகைக்கு அவ்வெண் கட்டாயம். 2025 முதல் பெற்றோருள் ஒருவருக்கேனும் அவ்வெண் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துள்ளது. நியூயார்க் மாநிலச் சலுகைக்கு அக்கட்டாயம் இல்லை. ஐடின் எனப்படும் வரி அடையாள எண்ணைக் கொண்டும் பெற்றோர் தம் பிள்ளைகளுக்காகக் கேட்கலாம். கூட்டாட்சிச் சலுகை மறுக்கப்பட்டதால் மாநிலச் சலுகையும் கிடைக்காது என்று கருதுவது பிழை.

*புகலிடம் பெற்றோர்.* 2025 ஜூலையில் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம், ஏதிலிகளாகவும் புகலிடம் வழங்கப்பட்டோராகவும் உள்ளவர்களை ஸ்னாப் உணவு உதவிக்குத் தகுதியுள்ளோர் பட்டியலிலிருந்து நீக்கியது. நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த பின்னரே அவர்கள் அதற்குத் தகுதி பெற இயலும். போர்க்காலத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து புகலிடம் பெற்று, நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்குக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களை இது நேரடியாகத் தொடும். மாநில நிதியில் உணவு உதவி வழங்க வேண்டும் என்று குழு 2024-இல் செய்த பரிந்துரை இன்று கூடுதல் பொருள் பெறுவது இதனாலேயே. அமெரிக்காவில் பிறந்து குடியுரிமை பெற்ற பிள்ளைகளின் தகுதி பெற்றோரின் நிலையால் பறிபோவதில்லை. அப்பிள்ளைகளுக்காக மட்டும் பெற்றோர் விண்ணப்பிக்கலாம்.

*குடியேற்ற நிலையைச் சாராத உதவிகள்.* பள்ளி உணவு எல்லா மாணவர்க்கும் உரியது. சைல்டு ஹெல்த் பிளஸ் என்னும் மருத்துவக் காப்பீடு, குடியேற்ற நிலை எதுவாயினும் 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இம்மாநிலத்தில் உண்டு. கருவுற்ற தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குமான விக் என்னும் சத்துணவு உதவியும் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை. எந்த உதவி எதிர்கால விசா விண்ணப்பத்தைப் பாதிக்கும் என்ற ஐயம் உள்ளவர்கள் பிறர் சொல்வதை நம்பி உதவியைக் கைவிடாமல், தகுதி பெற்ற குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

*மொழி உதவி.* மாநிலத் துறைகள் தம் முக்கியப் படிவங்களை மொழிபெயர்க்கும் பன்னிரண்டு மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் மூலம் தமிழில் உரையாடக் கட்டணமின்றி வசதி செய்து தருவது அத்துறைகளின் கடமை. தொலைபேசியிலோ அலுவலகத்திலோ மொழியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளையை மொழிபெயர்க்கச் செய்வதைத் தவிர்ப்பது நன்று. வீட்டின் வாடகை நிலுவையையும் வருமானக் குறைவையும் பெற்றோருக்காக எடுத்துச் சொல்லும் சுமை பிள்ளையின் தோளுக்கு உரியதன்று.

*படிவம் நிரப்ப உதவி.* வீட்டா எனப்படும் இலவச வரி உதவி மையங்கள் ஜனவரி இறுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நூலகங்களிலும் சமூக மையங்களிலும் இயங்குகின்றன. குறைந்த, நடுத்தர வருமானமுள்ள குடும்பங்களுக்குச் சான்றிதழ் பெற்ற தொண்டர்கள் கட்டணமின்றிப் படிவங்களை நிரப்பித் தருவர். அருகிலுள்ள மையத்தை 211 என்ற எண்ணை அழைத்து அறியலாம். நியூயார்க் நகரில் 311. பணம் பெற்று வரி அறிக்கை தயாரிப்பவரை அணுகுவோர், அவர் தம் பெயரைக் குறிப்பிட்டுக் கையெழுத்திடுவதையும், திரும்ப வரும் தொகை தம் சொந்த வங்கிக் கணக்குக்கே செல்வதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எண்ணப்படாத பிள்ளைகள்

புள்ளிவிவரத்தை நம்பி இயங்கும் குழுவுக்குப் புள்ளிவிவரத்தில் இல்லாதோர் கண்ணில் படுவதில்லை. தமிழர் பெரும்பாலும் 'ஆசியர்' அல்லது 'இந்தியர்' என்ற பெருந்தொகுதிக்குள் அடங்கிவிடுகின்றனர். மென்பொருள் நிறுவனத்தில் உயர்ந்த ஊதியம் பெறுபவரும், இரு வேலைகள் செய்து வாடகை கட்டுபவரும் ஒரே சராசரிக்குள் வருகின்றனர். சராசரி உயர்வாகத் தெரிவதால், இச்சமூகத்தில் வறுமை இல்லை என்ற எண்ணம் வெளியே எழுகிறது. உள்ளேயும் அவ்வெண்ணம் உண்டு. கோயில் விழாவிலும் தமிழ்ப் பள்ளி ஆண்டு நிறைவிலும் எல்லாரும் நல்லுடையோடு வருவதால் எவர் வீட்டில் அடுப்பு எரிவது கடினம் என்பது தெரிவதில்லை. மானம் கருதி மறைப்போரும் உளர்.

வரிச் சலுகையைக் கேட்பது பிச்சையன்று. வேலை செய்பவர் ஊதியத்திலும், கடையில் பொருள் வாங்குபவர் விலையிலும் வரி செலுத்தியே வருகின்றனர். சட்டம் அளித்த உரிமையைக் கேட்டுப் பெறுவதில் குறைவு ஏதுமில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் வீட்டு மொழி கேட்கப்படுமிடத்தில் தமிழ் என்று எழுதுவதும், வீட்டிலுள்ள குழந்தைகள் அனைவரையும் விடாமல் குறிப்பிடுவதும் இச்சமூகத்தின் பிள்ளைகளை எண்ணிக்கைக்குள் கொண்டுவரும்.

குடியிருப்பாளர் பங்கு

உயர்த்தப்பட்ட வரிச் சலுகை 2027-ஆம் வரி ஆண்டோடு முடிகிறது. நீட்டிக்கும் சட்டம் வராவிடில் பழைய கணக்குமுறை திரும்பிவிடும். 2021-இல் கூட்டாட்சிச் சலுகை ஓராண்டோடு நின்றபோது நேர்ந்தது யாவரும் அறிந்ததே. மாநிலத்தில் அது மீண்டும் நேருமா என்பதை இனிவரும் வரவு செலவுத் திட்டங்களே முடிவு செய்யும்.

இம்முடிவில் குடியிருப்பாளர் பங்கேற்க வழிகள் உள்ளன. குழுவின் கூட்டங்களைப் பார்வையிடலாம். ஆண்டின் தொடக்கத்தில் சட்டமன்றம் நடத்தும் வரவு செலவு விசாரணைகளுக்கு எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். தொகுதியின் மேலவை, பேரவை உறுப்பினர் அலுவலகங்களை அணுகலாம். குடியுரிமை இல்லாதவரும் இவற்றைச் செய்யலாம். வாக்குரிமை வேறு, கருத்துரைக்கும் உரிமை வேறு. ஒரு குடும்பம் வரிச் சலுகையைப் பெற்று எந்த நிலுவையைத் தீர்த்தது, அது இல்லாவிடில் என்ன ஆகியிருக்கும் என்று பத்து வரிகளில் எழுதும் கடிதம், கணினிக் கணக்கீட்டால் காட்ட இயலாத ஒன்றைக் காட்டும்.

ஆலோசனைக் குழு வழியைச் சொல்லும். சட்டமன்றம் நிதியை ஒதுக்கும். படிவத்தை நிரப்புவது குடும்பத்தின் கையில் உள்ளது. இம்மூன்றில் ஒன்று நின்றாலும் குழந்தையின் தட்டுக்கு எதுவும் வந்து சேராது.

குடும்பத்தினரும் வாசிப்புக் குழுக்களும் கலந்துரையாடச் சில வினாக்கள்

1. அதிகாரபூர்வ வறுமைக் கோட்டுக்கும் துணை வறுமை அளவீட்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடுகள் யாவை? இம்மாநிலத்துக்கு எது பொருத்தமானது?
2. 2026-ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று வயது, ஏழு வயது, பதினைந்து வயதுடைய மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அவ்வாண்டில் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை எவ்வளவு? (விடை: 2,000 டாலர்)
3. ஆலோசனைக் குழுவின் பரிந்துரைகளுள் 2025-இல் ஏற்கப்படாதவை எவை? அவற்றால் தமிழ்க் குடும்பங்களுக்கு நேரும் விளைவு யாது?
4. இச்சலுகை பற்றி இன்னும் அறியாத அண்டை வீட்டார், உறவினர், புதிதாக வந்தோர் எவரேனும் உளரா? அவர்களுக்கு இச்செய்தியை எவ்வாறு கொண்டு சேர்க்கலாம்?